சொட்டும் வால்வும் எட்டாத எர்த்தும்: புறநகர் வெந்நீரியலில் ஓர் ஆய்வு

வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர் ஆகியவை இவ்வாய்வின் எல்லைகள். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானதால் இங்குள்ள குளியலறைகளும் தரம் உயர்ந்தனவா என்ற கேள்விக்குள் நாம் போகவில்லை. ஆய்வுக்காலம் மார்கழி. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டியே வெந்நீர் தந்துவிடுகிறது.

குளியலறையைப் புதுப்பிக்க மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர் என நால்வர் வருவர். ஒருவர் இருக்கும் நாளில் மற்றவர் வரமாட்டார் என்பது முதல் விதி. “யாரு சார் இந்த வேலையப் பாத்தது?” என்று கேட்டபடியே அடுத்தவர் பணி தொடங்குவார் என்பது இரண்டாம் விதி. ஆகவே பிழை எவருடையதும் அன்று; ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் தானே விளைவது. வெந்நீருக்குச் சிபிவிசி குழாய் போட வேண்டிய இடத்தில் மிச்சம் கிடந்த வெள்ளை பிவிசி சுவருக்குள் போய்விடும். டைல்ஸ் ஒட்டியபின் அதைக் கண்டவர் இலர். சூட்டில் அது இளகும்போதுதான் அனைவரும் காண்பர்.

இனி கீசர் வால்வு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரியும். திரும்பிப் போக வழியில்லாத அந்த மிகுதியை, அழுத்தம் பெரும்பாலும் 8 பார் அளவை எட்டும்போது, பாதுகாப்பு வால்வு சொட்டாக வெளியேற்றும். புதுத் தரையில் ஈரம் கண்ட வீட்டம்மா பிளம்பரை அழைப்பார். “லீக்குமா, டம்மி போட்டு அடைச்சுட்டேன்” என்பார் அவர். குக்கர் விசிலுக்கு மூடி செய்தவரை உலகம் இன்னும் காணவில்லை. வெந்நீரியலில் அவர் வந்தாயிற்று. அவர் வராத வீட்டில் போர்த் தண்ணீரின் உப்பே படிந்து அதே வேலையைச் செய்யும். அதன்பின் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதானால், தொட்டி வெடிப்பதைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை.

மின்சார இயலில் கணக்கு எளிது. 2,000 வாட் கீசர் 230 வோல்டில் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். இருப்பதோ ஷேவிங் செட்டுக்காக வைத்த 6 ஆம்பியர் பாயிண்ட். இம்முரண்பாட்டை முடிச்சூர் சாலை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கன்வர்ஷன் பிளக் கருத்தளவில் தீர்த்துவைக்கிறது. ஒயர் மட்டும் உடன்படாமல் சூடாகிறது; அந்தச் சூட்டுக்கு ஸ்டார் முத்திரை கிடையாது.

எர்த் உண்டா என்பதே எஞ்சிய தத்துவச் சிக்கல். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் 100 வாட் டெஸ்ட் பல்பை ஃபேஸுக்கும் எர்த் துளைக்கும் நடுவே வைப்பார். மின்கசிவுக் காவலனான 30 மில்லியாம்பியர் இ.எல்.சி.பி. உடனே விழுந்தால் எர்த்தும் உண்டு, காவலும் உண்டு. பல்பும் எரியாமல் இ.எல்.சி.பி.யும் விழாமல் இருந்தால் எர்த் ஒயர் எங்கோ தொங்குகிறது. இ.எல்.சி.பி. நன்றாக வேலை செய்யும் வீட்டில் பல்ப் பளிச்சென எரிந்து, அது விழாமலே நின்றால், முன்னவர் நியூட்ரலையே எர்த் துளைக்குள் முறுக்கி வைத்திருக்கிறார். அப்போது இரண்டாம் விதிப்படி அவர் கேட்பது அதே கேள்வியைத்தான், இம்முறை நியாயமாக.