ஒன்றரை மணி கிராண்ட்மாஸ்டர்

கெட்ட பழக்கத்துக்கு நல்ல பெயர் அமைந்துவிட்டால் அதை விரட்டுவது கஷ்டம். ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் சீட்டாடினால் வீடு இரண்டுபட்டிருக்கும். ஆடுவது செஸ் ஆயிற்றே! அதுவும் சென்னையில். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த ஊர் இது. 2024-ல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, போர்வைக்குள் போனை வைத்துக் குதிரை நகர்த்தும் ஐம்பது வயது ஆளைத் திட்ட அம்மாவுக்கு மனம் வருவதில்லை. "மூளைக்கு வேலை குடுக்கிறான், விடும்மா" என்று மருமகளிடம் வக்காலத்து வாங்குகிறார். அந்த மூளை பத்து நகர்த்தலுக்குள் ராணியைத் தாரை வார்த்துவிட்டு முழிப்பது அவருக்குத் தெரியாது.

நான் ஆடுவது பிளிட்ஸ். ஆளுக்கு மூன்று நிமிடம். இழுத்தாலும் ஆட்டம் ஆறு நிமிடம்தான். வில்லனே இந்த ஆறுதான். மூன்று மணி நேர ஆட்டமென்றால் பதினொன்றரைக்கு எவன் தொடங்குவான்? ஆறு நிமிடத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்ல மனசாட்சியே கூச்சப்படுகிறது.

போதாததற்கு ரேட்டிங். ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கை 1970-ல் உலக செஸ் கூட்டமைப்பு எடுத்துக்கொண்டது. அதன் பிள்ளை பேரன்கள்தான் இன்று செயலிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நம் மட்டத்து ஆளாகப் பார்த்துப் பிடித்து எதிரே உட்கார வைக்கும். சமபலம் என்றால் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்பேன் என்று அந்தக் கணக்கே சொல்கிறது. நானோ "இழந்த எட்டுப் புள்ளியை மீட்டதும் படுத்துவிடுவேன்" என்று சபதம் செய்கிறேன். மீட்டதும், கை நன்றாக ஓடும்போது யாராவது படுப்பார்களா? டிரா ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் அது.

2025-ல் தமிழ்நாட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை தடை என்று விதி வந்தபோது ஆசையாகப் படித்தேன். என்னுடையது இலவச ஆட்டம், அரசாங்கம் கைவிட்டுவிட்டது. தென் கொரியாவில் 2011 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இப்படி ஒரு ராத்திரித் தடை இருந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கும் தடை வந்தால் அம்மாவின் ஆதாரைத்தான் கேட்பேன். மூளைக்கு வேலை என்றால் கொடுத்தும்விடுவார்.

விஞ்ஞானமும் கொஞ்ச நாள் என் பக்கம் இருந்தது. 1998-ல் ராய் பௌமைஸ்டர் குழுவினர், மாணவர்கள் முன்னால் மணக்க மணக்க பிஸ்கட்டை வைத்து, சிலரை மட்டும் அதைத் தொடாமல் முள்ளங்கி தின்னச் சொன்னார்கள். முள்ளங்கிக்காரர்கள் பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மன உறுதி செலவழிந்து தீரும் சரக்கு என்று முடிவு கட்டினார்கள். எப்பேர்ப்பட்ட சாக்கு! பகலெல்லாம் மேனேஜரிடம் வாயைக் கட்டி, சுகருக்காக ஜிலேபியைத் தள்ளிவிட்டு வருகிறவனிடம் ராத்திரி என்ன மிச்சமிருக்கும்? ஆனால் 2016-ல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்து, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று அறிவித்துவிட்டன. சாக்கு போயிற்று, முள்ளங்கி சாம்பார் மட்டும் வாராவாரம் வருகிறது.

கடைசியில் மனைவிதான் ஒரு காரியம் செய்தார். திட்டவில்லை, சார்ஜரை எடுத்து அடுப்படியில் மாட்டிவிட்டார். என் போனுக்கு வயசாகிவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் அரை மணியில் கண் மூடிவிடும். எனவே கிரைண்டர் பக்கத்தில் நின்றபடி ஆட்டம் தொடர்ந்தது. ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், "ஏங்க, சும்மாதானே நிக்கிறீங்க?" என்று ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் எதிராளி யோசிக்கும் நேரத்தில் பூண்டு உரிக்கிறேன். நேற்று ஒரு பிரேசில்காரர், தோற்கப்போகிற கடுப்பில் மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தையும் நகர்த்தாமலே ஓட விட்டார். நாளைய பூண்டுக் குழம்புக்கும் சேர்த்து உரித்தாகிவிட்டது.