‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ஒரு காற்புள்ளியை நீக்குதல்: ஓர் ஆராய்ச்சி

ஒற்றைப் பக்கச் செயலி எனப்படும் இணையத்தளத்தில் பக்கங்கள் இரு வகைப்படும். தொட்டால் அசைவன ஒரு வகை: வணிகக் கூடை, தேடல், கணக்கு விவரம். யார் தொட்டாலும் அசையாதன மற்றொரு வகை: ‘எங்களைப் பற்றி’, ‘தனியுரிமைக் கொள்கை’, ‘பணம் திருப்பித் தரும் விதிகள்’. முன்னதற்கு நூல்கள் மலிந்து கிடக்கின்றன. பின்னதை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்காமையின் இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வு வினா: நிறுவனர் உரையில் ‘தரமே, எங்கள் தாரக மந்திரம்’ என்று நிற்கும் வேண்டாத காற்புள்ளியை நீக்க எத்தனை பேர் வேண்டும்?

பழங்காலத்தில் ஒருவர் போதும். 1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்துவிட்ட முதல் தளம் வெறும் எழுத்தும் இணைப்பும்தான். கோப்பைத் திறந்து, அழித்து, சேமித்தால் வேலை முடிந்தது. 1996இல் ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்துக்காக வார்னர் பிரதர்ஸ் போட்ட தளம், 2021இல் அடுத்த படம் வந்தபோதும் அப்படியே இருந்தது. முகவரியின் வால் மட்டும் கொஞ்சம் நீண்டது. யாரும் பராமரிக்காததே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பது என் துணிபு.

பிறகு 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட். இவற்றின் நெறிப்படி சேவையகம் ஏறக்குறைய வெற்றுப் பக்கம் ஒன்றை அனுப்பும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுந்து மீதியைக் கட்டும். நிறுவனரின் உரை நிரலுக்குள் குடிபுகுந்தது இவ்வாறே.

நிரலுக்குள்ளேயே எழுதுக என்பாரின் கொள்கை எளியது. ஆயின் பிழையைக் கண்டவர் மனிதவளத் துறையினர். நிரலைத் தொடும் உரிமை அவர்க்கில்லை. அவர் டிக்கெட் போடுவார். நிரலாளர் ஒரு கிளை வெட்டி, காற்புள்ளியை நீக்கி, பரிசீலனைக்கு அனுப்புவார். பரிசீலிப்பவர் காற்புள்ளியை விட்டுவிட்டு, “கையோடு இந்தக் கோப்பின் பெயரையும் மாற்றிவிடலாமே” என்பார். அதன்பின் சோதனை, பில்ட், வெளியீடு.

உரையைத் தனி ஜேசன் கோப்பில் வைக்கலாமே எனின், அற்றன்று. என்னை? ஜேசனில் இலக்கணிகள் அறியாத காற்புள்ளி வகைகள் உள. மேற்கோளுக்குள் நிற்பது உரைக் காற்புள்ளி. அது போனால் கேடில்லை. இரு உறுப்புகளைப் பிரிப்பது உயிர்க் காற்புள்ளி. அதை நீக்கினால் கோப்பு முழுதும் படிக்கப்படாமல் போகும். கடைசி உறுப்புக்குப் பின் நிற்பது கொலைக் காற்புள்ளி. ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொறுக்கும், ஜேசன் பொறுக்காது. மனிதவளத் துறையினர் நீக்கியது எவ்வகை என்பது வெளியீட்டுக்குப் பின்னரே தெரியவரும்.

சிஎம்எஸ் எனும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பை வாங்குக என்பார் வேறொரு சாரார். அவர்தம் வழியில் மனிதவளத் துறையினர் தாமே திருத்தலாம், கடவுச்சொல் நினைவிருந்தால். ஆனால் ஆண்டுக்கணக்கில் மாறாத ஒரு பத்தியை ஒவ்வொரு வருகையிலும் வலையின் வழியே வரவழைக்க வேண்டும். அதுவரை வாசகர் சுழலும் வட்டத்தைப் பார்த்திருப்பார். கல்வெட்டைப் படிக்க வந்தவனை, சிற்பி வந்து செதுக்கும்வரை வாசலில் உட்காரவைப்பது போன்றது இது.

இணைப்பைச் சொடுக்கினால் திறக்கும் பக்கம், புதுப்பித்தால் ‘404, பக்கம் இல்லை’ என்று காட்டுவதும் இங்கே கருதத்தக்கது. சொடுக்கும்போது முகவரியை மாற்றுவது உலாவிக்குள் இருக்கும் நிரல். புதுப்பிக்கும்போது கேள்வி சேவையகத்துக்குப் போகிறது. அங்கே அப்படியொரு கோப்பே இல்லை. எந்த முகவரி கேட்டாலும் முதல் பக்கத்தையே கொடு என்று அதற்குச் சொல்லிவைப்பது வழக்கமான மருந்து. மருந்து வேலை செய்கிறது. அதனால் இல்லாத பக்கத்தைக் கேட்டாலும் சேவையகம் ‘200, எல்லாம் நலம்’ என்று விடையிறுக்கிறது.

என் முடிபு வேறு. உரையை மார்க்டவுனில் எழுதி, பில்டின்போதே எச்டிஎம்எல்லாக வார்த்து, செயலிக்கு அருகே கோப்பாக வைத்துவிடலாம். 1991ஆம் ஆண்டு முறைதான். நடுவே ஒரு பில்ட் மட்டும் கூடுதல். இதை மறுப்போர் சொல்லும் ஒரே தடை, தலைப்பட்டையும் அடிப்பட்டையும் செயலியோடு பொருந்த வேண்டும் என்பது. அந்தத் தடை மெய்யானது; அதற்காகவே பல குழுக்கள் மீண்டும் நிரலுக்குள் திரும்பிவிடுகின்றன.

தனியுரிமைக் கொள்கையின் காற்புள்ளிகள் இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானவை. அவை சட்டப் பிரிவுக்கு உரியவை. அவர்கள் வேர்டு கோப்பாகவே அனுப்புவார்கள். அதிலிருந்து எடுத்து ஒட்டினால் மேற்கோள் குறிகள் யாவும் வளைந்தே வந்து சேரும் என்பது தனி ஆய்வுக்குரியது.