பட்டத்தரசர் பி.காம். சி.ஏ. அவர்களுக்கு வாசித்தளித்த வாழ்த்துமடல்

வணிகவியலின் தலைமகனாய்த் தோன்றி, கணினிப் பயன்பாட்டை 'சி.ஏ.' என்று அடைப்புக்குறிக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்து, பி.பி.ஏ. சி.ஏ., பி.சி.ஏ. என்னும் தம்பியர் இருபுறமும் கவரி வீச, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லூரிதோறும் கொலுவீற்றிருக்கும் பெருந்தகையீர்! வணிகத் தகவல் அமைப்புகளைக் கற்றுத் தருவதாகத் தேன்கனிக்கோட்டைக்கும் வேப்பனப்பள்ளிக்கும் ஊத்தங்கரைக்கும் வாக்களித்து, ஆண்டுதோறும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் ஆட்கொள்ளும் அருளாளரே! தங்கள் பெருமையைப் பேச ஒரு நாவு போதாது. ஆயினும் ஓசூர் ரோஜாவால் கட்டிய மாலையோடு வந்திருக்கிறோம். ஏற்றருள வேண்டும்.

தாங்கள் அரியணையிட்ட இடம் சாமானியமானதா? 1970களில் சிப்காட் வந்த மண் இது. 1980இல் அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். மொபெட் ஓடத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரமும் நேரம் காட்டலாயிற்று. இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்ஸ்கூட்டர், கூத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ். இவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறுபட்டறைகளுக்கோ கணக்கில்லை. கேட்டில் லாரி நுழைந்ததும் செலானைப் பார்த்து என்ட்ரி போடுகிறார்கள். ஸ்டோர்ஸில் பெட்டியை எண்ணிச் சரக்கு வரவுக் குறிப்பான ஜி.ஆர்.என். போடுகிறார்கள். குவாலிட்டியில் நான்கு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அந்த நான்கும் பில்லில் கழிகிறது. ஒரு போல்ட் உள்ளே வந்து வண்டியில் ஏறி வெளியே போகும் வரை அதன் ஜாதகம் முழுவதும் கணினியில் இருக்கிறது. வணிகத் தகவல் அமைப்பு என்றால் இதுதான்.

இத்தனையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நடக்க, மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், ஒரு ஸ்டோர்ஸ் அறையின் வாசலைக்கூட மாணவர் கண்ணில் படாமல் காக்கிறீர்களே, அந்த வைராக்கியம் முனிவர்க்கும் வாய்க்காது. 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று ஒன்றைப் பாடத்திட்டத்தில் யாரோ சேர்த்துவிட்டார்கள். அதையும் தாங்கள் எவ்வளவு சாமர்த்தியமாக வென்றீர்கள்! தென்னிந்தியாவின் தொழிற்பேட்டை நடுவே வாழும் பிள்ளைகளை ராத்திரி பஸ்ஸில் ஏற்றி ஊட்டிக்கு அனுப்பி, தேயிலைத் தொழிற்சாலை வாசலில் குரூப் போட்டோ எடுத்து, சாக்லெட் வாங்கிக் கொடுத்து, மறுநாள் காலையில் சிப்காட் வழியாகவே திரும்ப அழைத்து வந்துவிடுகிறீர்கள்.

கர்நாடக எல்லையிலிருந்து ஆட்சி செய்வதால் தங்களுக்குக் கிடைத்த பெருவாய்ப்பு இன்னொன்று உண்டு. ஓசூர்ப் பட்டறையிலிருந்து பாகலூருக்குச் சரக்கு போனால் பில்லில் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் பாதிப் பாதி. அதே சரக்கு ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியே பொம்மசந்திரா போனால் ஐ.ஜி.எஸ்.டி. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் 33இல் தொடங்குகிறதா, 29இல் தொடங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேலை உண்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வேண்டும். அது இல்லாவிட்டால் லாரி நடுவழியில் நிற்கும். இந்தியாவில் எத்தனை கல்லூரிக்கு இப்படிப்பட்ட பாடம் வாசலுக்கே வந்து நிற்கும்? தாங்கள் அந்தச் சலனத்துக்கெல்லாம் ஆட்படுபவரா! ஜி.எஸ்.டி.யின் தோற்றம், நோக்கம், நன்மைகள், தீமைகள் என நான்கு உபதலைப்புகளில் பத்து மதிப்பெண்ணுக்கு அடக்கிவிட்டீர்கள். போர்ட்டலைத் திறந்து காட்டி இளம் கண்களைக் கெடுக்கவில்லை.

தங்கள் ஆய்வகத்தைப் பாடாமல் போனால் நாவு அழுகிப்போகும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே குளிர்சாதனம், அது இயந்திரங்களுக்கு. ஒவ்வொரு மானிட்டருக்கும் உறை. உறையின் மேல் சென்ற சரஸ்வதி பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருக்கின்றன. அறுபது பேர் வகுப்பு இரண்டு பேட்ச்சாகப் பிரிந்து, ஒரு கணினிக்கு இருவராய் உட்கார்ந்து, கரண்ட் இருந்தால் ஆன் செய்து, ரெக்கார்ட் நோட்டில் ஏற்கெனவே எழுதி முடித்த புரோகிராமைப் பார்த்து டைப் அடிக்கிறார்கள். விடை முதலில், கேள்வி பிறகு: கல்வியுலகம் காணாத புதுமை! அதியமானின் தூதாய்ப் போய்த் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்த ஔவையார் இங்கும் ஒருமுறை வந்திருக்கலாம். படைக்கலங்களை இவ்வளவு பளபளப்பாக வைத்திருக்கும் மன்னர் இன்னொருவர் உண்டென்று மகிழ்ந்திருப்பார்.

அந்தக் கணினிக்குள் தாங்கள் போற்றிவைத்திருப்பவை அதைவிட அருமை. போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சி இன்றும் எத்தனையோ ஆய்வகங்களில் நீலத்திரையோடு தரிசனம் தருகிறது. 1998இல் வந்து, பெற்ற தாயான மைக்ரோசாஃப்ட்டே 2008இல் கைகழுவிவிட்ட விஷுவல் பேசிக் 6க்கும் தாங்கள் அடைக்கலம் கொடுத்தீர்கள். உலகம் கைவிட்டதைத் தாம் கைவிடாமை சான்றோர் இயல்பு.

டேலியையோ தாங்கள் இன்னும் உயர்ந்த பீடத்தில் ஏற்றினீர்கள். பக்கத்து பெங்களூரில், 1986இல், கோயங்கா குடும்பத்துத் தந்தையும் மகனும் தொடங்கிய நிறுவனம் தந்த மென்பொருள் அது. கடைக்காரரும் ஆடிட்டர் ஆபீஸ் பையனும் பட்டனைத் தட்டித் தட்டியே அதைக் கற்றார்கள். தங்கள் மாணவருக்கு அந்தக் கீழான வழி எதற்கு? 'டேலியில் ஒரு கம்பெனியை உருவாக்கும் படிநிலைகளை விவரி' என்று வினாத்தாளில் கேட்டு, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீட், எஃப்8 சேல்ஸ் என நீல மையில் எழுதச் செய்து, கறுப்பு மையில் அடிக்கோடு இடச் செய்து, விசைப்பலகையின் தீட்டுப் படாத கணினிக் கல்வியை நிலைநாட்டினீர்கள்.

1960களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைத் தகவல் அமைப்பு (எம்.ஐ.எஸ்.) என்னும் துறை பிறந்தபோது அதைத் தொடங்கியவர்களுக்கு ஒரு சிறிய ஆசைதான் இருந்தது: நிறுவனத்தில் முடிவெடுப்பவருக்குச் சரியான தகவல் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தாங்கள் அந்த ஆசையை ஒரு முக்கோணமாக்கித் தந்தீர்கள். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் வரைய வேண்டிய முக்கோணம். மேலே உயர் நிர்வாகம், நடுவே இடைநிலை, அடியில் அன்றாடச் செயல்பாடு. படத்துக்கு இரண்டு மதிப்பெண். அந்த முக்கோணத்தில் தமக்கு எந்த இடம் என்று மாணவர் கேட்டு மனம் வருந்தக் கூடாதென்று, அதைச் சொல்லாமல் விட்ட தங்கள் இரக்கம் பெரிது.

ஆறாம் செமஸ்டர் புராஜெக்ட் தங்கள் திருமுடியின் மணி. கல்லூரி எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அது விளைகிறது. 'வாடிக்கையாளர் மனநிறைவு குறித்த ஓர் ஆய்வு: ஓசூர் நகரைச் சிறப்பாகக் கொண்டு.' நூறு பேரிடம் கேட்டதாக ஓர் அட்டவணை. அந்த நூறு பேரும் ஒரே பிற்பகலில், ஒரே பேனாவில், ஹாஸ்டல் வராந்தாவில் பிறந்தவர்கள். பி.சி.ஏ. தம்பிக்கோ 'நூலக மேலாண்மை அமைப்பு'. கடைக்காரர் முன்பக்கத்தில் பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் மாற்றுகிறார். நன்றியுரையில் மூன்று வருடத்துக்கு முந்தைய மாணவியின் அப்பா அம்மா அப்படியே இருக்கிறார்கள். அவர்களும் நன்றிக்குரியவர்கள்தாமே! அட்டையில் தங்க எழுத்து மின்ன, அந்த நூலக மேலாண்மை அமைப்பு கல்லூரி நூலகத்துக்கே போய்ச் சேருகிறது. வருடா வருடம் பத்துப் பதினைந்து வந்து அடுக்கில் ஏறுகின்றன. வந்தவற்றையெல்லாம் நூலகர் நீளமான பதிவேட்டில் கையால் எழுதி வைக்கிறார்.

தங்கள் அரசவைப் புலவர்களான ஆசிரியர்களைத் தாங்கள் வாழவைக்கும் விதமும் சொல்லத் தக்கது. கௌரவ விரிவுரையாளர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019இல் யு.ஜி.சி. சொன்னது. அரசுக் கல்லூரிகளில் அவர்களுக்குக் கிடைத்து வந்ததோ மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதம் அவர்களுக்குப் பசிக்காது என்று கண்டுபிடித்த நிதி நுண்ணறிவை எந்த எம்.ஐ.எஸ். அறிக்கையும் தந்திருக்க முடியாது. பல சுயநிதிக் கல்லூரிகளில் பிஎச்.டி. முடித்தவரும் இந்தத் தொகையைக் கனவில்தான் காண்கிறார். நெட், செட் தேறி, நாற்பது வயது தாண்டி, அட்மிஷன் சமயத்தில் மே மாத வெயிலில் பிளஸ் டூ மாணவர் வீடு வீடாகப் போய்த் தங்கள் புகழைப் பரப்பும் அந்த ஆசிரியர்களின் கால்களைப் பாருங்கள். ஒரு பட்டத்துக்காக இப்படித் தேய்ந்த கால்கள் வேறு எங்கே உண்டு?

இத்தனை கொடைக்கும் கைம்மாறாகத் தாங்கள் கேட்பது கொஞ்சம்தான். தளி மலைப்பக்கத்துத் தாய் ஒருத்தியின் கம்மல், ராயக்கோட்டையில் தக்காளி விலை ஏறிய வருடத்து மிச்சம், வீட்டில் ஓர் ஆடு. பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதுவும் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் தங்கள் திருப்பணியிலேயே கரைகிறது. இவ்வளவையும் பெற்றுக்கொண்டு, வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசி, மூன்று மொழியில் பேரம் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையை, மூன்றே வருடத்தில், 'மைசெல்ஃப்' என்று தொடங்கி நான்காம் வாக்கியத்தில் தலைகுனியும் பட்டதாரியாக ஆக்கித் தருகிறீர்கள். ரசவாதிகள் தங்கத்தை உண்டாக்கத்தான் பாடுபட்டார்கள். இருந்த தங்கத்தை மாற்றிக் காட்டும் வித்தை தங்களுக்கே கைவந்தது.

நிறைவாக, தங்கள் சமத்துவ நெறிக்கு வணக்கம். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி அணிந்து போட்டோ எடுத்த பிள்ளை நேரே ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வருகிறது. அங்கே மேன்பவர் ஏஜென்சிகள் ஒட்டும் நோட்டீஸ்களில் தங்கள் பட்டத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., எனி டிகிரி; பாஸ் ஆனவரும் ஃபெயில் ஆனவரும் வரலாம்; பஸ், சாப்பாடு உண்டு. வேலை அசெம்ப்ளி லைனில், காண்ட்ராக்டில், மூன்று ஷிஃப்டில். ஜி.ஆர்.என். போடும் கணினி அதே கூரையின் கீழ், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் வேறு எங்கோ, வேறு எப்படியோ அந்த வேலையைக் கற்றவர். நம் பிள்ளை தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே பஸ்ஸில் வந்து, அதே வரிசையில் நின்று, அதே சம்பளம் வாங்குகிறாள். அவள் அம்மாவின் கம்மல் அடகில் இல்லை.