நடப்பவர் காலும் கொடுப்பவர் காசும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர் தம் சொந்தக் காசில் போகிறார். ரயிலில் போகிறவரும் அப்படியே. காரில் போகிறவர் பெட்ரோலுக்கு அழுது, டோல்கேட்டுக்கும் அழுதுவிட்டுப் போகிறார். டிக்கெட், பெட்ரோல், டோல் என்று எந்தச் செலவும் இல்லாமல் வெறுங்காலில் நடந்து போகிறவர் மட்டும் நம் வீட்டு கேட்டைத் தட்டி நன்கொடை கேட்கிறார். நாமும் கொடுக்கிறோம். செலவு குறைந்த பயணத்துக்கு ஏன் வசூல்? இதுவே இவ்வாய்வின் சிக்கல். பெரிய பொருளியல் அறிஞர்கள் பணவீக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால், இதைத் திருமுல்லைவாயிலில் குடியிருக்கும் என் போன்றவர்கள்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஆய்வின் நில எல்லை: சிடிஎச் ரோட்டின் இருபுறமும், சோழம்பேடு ரோடு, சரஸ்வதி நகர், வைஷ்ணவி நகர் உள்ளிட்ட பகுதிகள். கால எல்லை: புரட்டாசி முதல் நாள் தொடங்கி, கறிக்கடை வாசலில் மறுபடியும் கூட்டம் சேரும் ஞாயிற்றுக்கிழமை வரை. ஆய்வுக் கருவி: ஒரு கிரில் கேட், அதன் உள்பக்கத்தில் நான்.

இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலில் புறப்படும் திருப்பதித் திருக்குடைகள் யானைகவுனியைத் தாண்டி, அயனாவரம், வில்லிவாக்கம், பாடி, அம்பத்தூர் என்று வந்து எங்கள் ஊரைக் கடந்துதான் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் போகின்றன. மஞ்சள் துணி கட்டிய கூட்டங்களும் அதே ரோட்டில்தான் நடக்கின்றன. ஏழுமலையானே திருமணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கியவர். உண்டியலில் விழும் காசு அந்தக் கடனுக்கு வட்டி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் பணத்தை அளந்து அளந்து ஓய்ந்துபோன கோவிந்தராஜர் கீழ்த்திருப்பதியில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் என்பார்கள். எனவே, கடன்பட்ட ஒருவரைப் பார்க்கப் போவதற்கு ஒருவர் என்னிடம் காசு கேட்கிறார். அதை அவர் கடன்பட்டவரிடம் கொடுப்பார், கடன்பட்டவர் குபேரனிடம் கட்டுவார். குபேரனுக்கு நேரடியாக அனுப்பினால் கமிஷன் மிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் காபி வரவில்லை.

முதலில் ஒரு விதியை நிறுவிவிடுகிறேன். தமிழர் காலுக்குக் கொடுப்பார்கள், சக்கரத்துக்குக் கொடுக்கமாட்டார்கள். மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், எங்கள் ஊர் கொடியிடை அம்மன் ஆகிய மூவரையும் வெள்ளிக்கிழமையில் வரும் பௌர்ணமியன்று ஒரே நாளில் தரிசிப்பது இந்தப் பக்கத்தில் பெரிய விசேஷம். காலையில் மேலூர், உச்சியில் ஒற்றியூர், சாயங்காலம் முல்லைவாயில். வட சென்னை டிராபிக்கில் இது திருமலை ஏறுவதைவிடக் கடினமான யாத்திரை. ஆனாலும் வேன் வாடகைக்கு என்று எவரும் செம்பு ஏந்தி வந்ததில்லை. வந்திருந்தால், “வேன்ல போறதுக்கு நான் ஏன்மா காசு தரணும்?” என்ற கேள்வி எல்லா கேட்டிலிருந்தும் ஒரே குரலில் எழும். காலில் கொப்புளம் வரும் என்ற உறுதி இல்லாத எந்தப் பயணத்துக்கும் இங்கே பர்ஸ் திறக்காது.

இனி முன்னோடிகள். இத்துறையின் ஆதிகர்த்தா சுந்தரர் என்று துணிந்து சொல்லலாம். அவருக்கும் எங்கள் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருவொற்றியூரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தவர், திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. பார்வையின்றித் திருவாரூருக்கு நடக்கத் தொடங்கிய அவர் முதலில் வந்தது வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரரிடம். இங்கே அவர் பாடிய பதிகத்தில் சங்கிலியின் பெயர் வருகிறது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி வளைத்துக் கட்டிய கதையும் வருகிறது. கண் மட்டும் வரவில்லை. எங்கள் ஊரில் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளப்பட்டது, அவ்வளவே. (இங்குள்ள நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலம் என்பது தலபுராணம். விண்ணப்பதாரர்களை வெளியே அனுப்பும் கோலம் என்பது என் துணிபு.)

அடுத்த ஊர் திருவெண்பாக்கம். அங்கே ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். ஆக நெடுநடைக்குத் தவணை முறையில் உதவி கொடுத்த முதல் நிகழ்ச்சி இதுவே. கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாரே என்று கோபித்து, சுந்தரர் அந்தக் கோலை வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அத்தலத்தில் சொல்வார்கள். கொடுத்த உதவி போதாது என்று கொடுத்தவர் வாசலிலேயே ரகளை செய்யும் மரபும் அன்றே தோன்றியிருக்கிறது. பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது பழைய திருவெண்பாக்கம் தண்ணீருக்குள் போனது. கோயிலை மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னைக்காரன் குடிக்கும் ஒவ்வொரு குடம் பூண்டித் தண்ணீரிலும் ஒரு பழைய நன்கொடையாளரின் முகவரி கரைந்திருக்கிறது.

சுந்தரரை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். ஏனெனில், கேட்பது இழிவா என்ற கேள்விக்கு அவர் வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. திருக்குருகாவூருக்குப் போகும் வழியில் பசித்தபோது பந்தல் போட்டுக் கட்டுச்சோறும் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தார் சிவன். அதையாவது ஏற்பாடு என்று சொல்லலாம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் திருக்கச்சூரில் நடந்தது வேறு. உச்சி வெயிலில் பசியோடு உட்கார்ந்திருந்த சுந்தரருக்காக, சிவன் அந்தணர் வேடத்தில் ஓடெடுத்து வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்டு வாங்கி வந்தார். நடக்கிறவருக்காகக் கடவுளே கேட் தட்டியிருக்கிறார். அன்று திருக்கச்சூரில் எத்தனை பேர் “அவரு வீட்ல இல்லையே” என்று சொல்லியிருப்பார்களோ!

சங்கப் புலவர்கள் இதற்கென்று ஒரு துறையே வகுத்துவிட்டார்கள். பரிசு வாங்கித் திரும்புகிற பாணனோ கூத்தனோ, எதிரே வறுமையில் வருகிறவனைப் பார்த்து, இந்த வழியாகப் போ, இன்னாரிடம் கேள், கிடைக்கும் என்று சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி இந்த வகைதான். தொண்டைமான் இளந்திரையனிடம் வழிகாட்டும் பெரும்பாணாற்றுப்படை 500 அடி. வழியில் எந்த வீட்டில் என்ன சாப்பாடு என்பதுவரை அதில் விவரம் இருக்கிறது. மாதுளம்பிஞ்சை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள் என்ற தகவலை நம்பி எத்தனை பாணர்கள் காஞ்சிக்கு நடந்தார்களோ! பொருநராற்றுப்படையில் கரிகாலன் விருந்தினரை வழியனுப்பும்போது ஏழு அடி கூடவே நடந்து வருவான். பணமும் கொடுத்துக் கொஞ்சம் நடக்கவும் செய்த நன்கொடையாளர் என்ற முறையில் அவனைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றுப்படை வழக்கொழிந்தது என்று எழுதுகிற இலக்கிய வரலாற்றாசிரியர்கள் புரட்டாசி சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு வர வேண்டும். ஒரு குழுவுக்கு ஐந்நூறு கொடுத்தால், அது தெருமுனை திரும்பிய பத்தாவது நிமிடம் அடுத்த குழு நேராக நம் வீட்டுக்கு வருகிறது. இடையில் உள்ள வீடுகளை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். “சில்லறை இல்லைங்க” என்பது நெடுங்காலம் நின்ற கோட்டை. செம்பின் கழுத்தில் க்யூஆர் கோடு தொங்கத் தொடங்கியதும் அது இடிந்தது. “ஜிபே பண்ணிடுங்கண்ணா” என்றதும் சார்ஜ் இல்லாமல் போகும் போன்கள் எங்கள் பகுதியில் மிகுதி. அடுத்தது நோட்டைக் கையில் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு போட்டார் என்று விரலால் தேடுவது. இந்த நோட்டு தனி ஆய்வுக்குரியது. தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழே முதல் வரியில் 501. அந்த முதல் வரிக்காரர் யார் என்று விசாரித்தால், குழுவில் நடக்கிறவரின் மைத்துனராக இருப்பார். அந்த 501 கைக்கு வந்ததா என்ற கேள்வி நாகரிகமற்றது. நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தபின் ஐம்பது எழுதும் துணிச்சல் எவருக்கு உண்டு?

நடப்பவருக்கு உதவுவதைச் சட்டம் போட்டுத் தடுத்த ஒரு காலமும் இருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவில்லாமல் வீட்டில் வைத்து விருந்து போட்டுவிட்டுச் சிறைக்குப் போனார். மற்றவர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? ஏப்ரல் 28 அன்று கூட்டம் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. கேட்காமலே கிடைத்த இந்த உதவியையும், மூன்று முறை பெல் அடித்துக் கேட்டபின் கிடைக்கும் உதவியையும் ஒரே அட்டவணையில் போடலாமா என்று நடுவர்கள் கேட்கக்கூடும். கலெக்டர் தடை போட்டால் எங்கள் தெருவும் மரத்தில் கட்டித் தொங்கவிடும் என்பதே என் பதில். தடை இல்லாததுதான் பிரச்சினை.

இனிச் சிக்கலின் மையத்துக்கு வரலாம். இந்தப் பணம் எங்கே போகிறது? சாப்பாட்டுக்கு இல்லை. சிடிஎச் ரோட்டில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சாம்பார் சாதமும் நீர்மோரும் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு பந்தலில் கால்வலித் தைலமும் உண்டு. செருப்புக்கும் இல்லை, பலர் போடுவதில்லை.

விடை எனக்கு ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையரான ஒரு பெரியவரிடம் கிடைத்தது. இரண்டு மாடி வீடு, கீழே இரண்டு கடை வாடகைக்கு. அவர் ஒரு விடிகாலையில் மஞ்சள் வேட்டி, நெற்றியில் நாமம், துளசி சுற்றிய பித்தளைச் செம்போடு என் கேட்டுக்கு வெளியே நின்றார். செம்பிலும் நாமம். “கோவிந்தா” என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். காது சிவந்திருந்தது.

“என்ன சார், நீங்களா? பென்ஷன் வருதே!”

“வருது தம்பி. அதனாலதான் கேக்கறேன்.”

பேத்திக்கு உடம்பு சரியாகாமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாம், மடிப்பிச்சை எடுத்து நடந்து வருகிறேன் என்று. “நடக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. முப்பது வருஷம் ஃபேக்டரிக்குள்ள நடந்தவன். இந்தத் தெருவுல முதல் வீட்டு வாசல்ல நிக்கறதுக்குத்தான் பத்து நிமிஷம் ஆச்சு. திரும்பி வீட்டுக்கே போயிட்டேன் ஒரு தடவை.” என் மனைவி ஒரு படி அரிசி கொண்டுவந்து போட்டாள். அவர் செம்பைச் சாய்த்துப் பிடித்த விதத்தில் பழக்கமின்மை தெரிந்தது. நாலு அரிசி தரையில் சிதறியது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செம்பில் போட்டார்.

கருதுகோள் இங்கே உருவாகிறது. திருமுல்லைவாயிலிலிருந்து திருமலைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அலிபிரியில் அதன் மேல் 3,550 படிகள். ஆனால் இந்த யாத்திரையின் செங்குத்தான பகுதி அலிபிரியில் இல்லை, பக்கத்து வீட்டுக் கேட்டில் இருக்கிறது. வசூல் முடிந்தபின் நடை தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். முதல் பெல் அடித்தபோதே அது தொடங்கிவிட்டது. பஸ்ஸில் போகிறவர் ஏன் கேட்பதில்லை என்பதற்கும் இதில் பதில் உண்டு. அவர் டிக்கெட் வாங்கிவிட்டதால் எவருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வினோபா பாவே இதை நன்றாக அறிந்திருந்தார். 1962இல் சதீஷ் குமாரும் இ. பி. மேனனும் அணுகுண்டை எதிர்த்து டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று ஏறத்தாழ 8,000 மைல் பயணம் புறப்பட்டபோது, கையில் காசு வைத்துக்கொள்ளாதே என்றார். காசு இருந்தால் களைத்ததும் ஹோட்டலைத் தேடுவாய், யாரையும் சந்திக்கமாட்டாய். இல்லாவிட்டால் யார் வீட்டு வாசலிலாவது நின்றே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பெண் அவர்களிடம் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்து, நான்கு தலைநகரங்களின் தலைவர்களிடமும் சேர்க்கச் சொன்னாராம்: குண்டு போடத் தோன்றினால் ஒரு நிமிடம் நிறுத்தி டீ குடிக்கட்டும். எங்கள் தெருவில் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த ஒரு ரூபாயை எடுத்து வந்து, “இதையும் உண்டியல்ல போட்டுடுங்க, எனக்காக ஒரு கோவிந்தாவும் போட்டுடுங்க” என்று செம்புக்காரரிடம் கொடுக்கும் அம்மாக்கள் செய்வதும் இதுவே. காசு நடைக்குச் செலவாவதில்லை. நடையின் முதுகில் ஏறிப் போகிறது. ஏழுமலையான் உண்டியல் வரைக்கும் காலால் போகிற தபால் இது.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பாதை என்று ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் இருக்கிறது. அதை நடக்க ஷூவும் கூடாரமும் வாங்கப் பொதுவில் பணம் கேட்கிறவர்களுக்கு, “உன் லீவுக்கு நான் ஏன் காசு தரணும்?” என்ற பேச்சு தவறாமல் கிடைக்கும். நியாயம்தான். அங்கே நடையின் கோடியில் ஒரு மலை உச்சி இருக்கிறது. போட்டோ வரும், வேறொன்றும் திரும்பி வராது. இங்கே லட்டு வரும்.

எனவே கடைசியாக லட்டுப் பங்கீடு. திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதை நோட்டிலுள்ள பெயர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்பதற்கு இன்றுவரை விதிமுறை இல்லை. பெரியவர் திரும்பி வந்ததும் எவர்சில்வர் தட்டில் லட்டை உதிர்த்து வைத்து வீடு வீடாகக் கொண்டுவந்தார். இம்முறை பெல் அடிக்கத் தயங்கவில்லை. படி அரிசி போட்ட வீட்டுக்கும் 501 எழுதிய வீட்டுக்கும் ஒரே அளவு விள்ளல். எங்கள் விள்ளலில் ஒரு முழு முந்திரியும் கற்கண்டும் இருந்தன. 501காரர் விள்ளலில் பூந்தி மட்டும். அவர் தட்டைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார், அடியில் விரல் விட்டுப் பார்த்தார், பிறகு வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த புரட்டாசிக்குத் தன் பெயரில் 251 என்று எழுதிக்கொள்ளும்படி அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பியிருக்கிறார்.