நிற்கிறவரின் கால்

எழுபதுகளில் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். கண்டி வீதியால் வவுனியாவிலிருந்து வரும் பஸ், கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் பஸ், மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கம் போகும் பஸ் எல்லாம் அங்கேதான் ஆட்களை ஏற்றி இறக்கின. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்கள். ஏறினால் உள்ளே மாமியோ பெரியப்பாவோ பக்கத்து வளவு ஆச்சியோ இருப்பார்கள். "எணை ஆச்சி, இதில வந்து இரணை" என்று ஒரு பெடியன் எழும்புவான். எழும்பாவிட்டால் அவன் வீடு போய்ச் சேரமுன் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

எழும்ப முடியாதவர்களும் சும்மா இருப்பதில்லை. "பிள்ளை, பையை இஞ்ச தா" என்று நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைப்பார்கள். சிலவேளை பிள்ளையையே வாங்கி வைப்பார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் பஸ்ஸில் நான் யார் யாருடைய மடியில் இருந்து போனேன் என்று அம்மாவுக்கே தெரியாது. முறிகண்டியில் பஸ் நின்றால் எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். சீற்றில் ஒரு லேஞ்சியைப் போட்டுவிட்டுப் போனால் போதும். அதுவரை நின்று வந்தவர் அந்த லேஞ்சியை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து காலாறுவார். சீற்றுக்காரர் வந்ததும் எழும்புவார். யாரும் முகம் கோணியதை நான் கண்டதில்லை.

ஆனாலும் அந்தக் காலத்தை முழுதாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வாத்தியார் ஏறினால், ஐயர் ஏறினால், கந்தோர் உத்தியோகத்தர் ஏறினால் ஆட்கள் சட்டென்று எழும்பினார்கள். வயலில் வெட்டிக் களைத்து மண்வெட்டியோடு ஏறிய கிழவர் பின்னுக்கு நின்றே வந்தார். தேவையைவிட மதிப்புத்தான் சீற்றில் இருந்தது. அதற்கு முந்திய காலம் இன்னும் கொடியது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பஸ்ஸில் ஏறலாம், ஆசனத்தில் இருக்கக்கூடாது. 1930ஐ ஒட்டிப் பாடசாலைகளில் சம ஆசனம் என்ற ஏற்பாடு வந்தபோது பாடசாலைகளையே எரித்தார்கள். 1955இல் அமெரிக்காவின் மொன்ற்கொமறியில் வெள்ளையருக்காக எழும்ப மறுத்துக் கைதான றோசா பார்க்ஸை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் பஸ்களில் யார் நின்றார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிக் கொடுக்கவேண்டும். கட்டாயத்தில் எழும்புவதற்கு மரியாதை என்று பெயரில்லை.

பிறகு போர் வந்தது, பஸ்ஸே இல்லாத காலம் வந்தது. 1990 நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விழுந்தது. பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களும் சைக்கிளும்தான் வன்னியின் போக்குவரத்து. சந்தி கைமாறிக் கைமாறி, 2008 நவம்பரில் கடைசியாக மாறியது. போர் முடிந்த 2009க்குப் பிறகு இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது எங்களோடு திரும்பி வராதவர்கள் பலர். வந்தவர்களும் போனபடியே வரவில்லை. செல்லுக்குக் கால் கொடுத்தவர், மிதிவெடிக்குப் பாதம் கொடுத்தவர், முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் எடுக்க முடியாத பீஸோடு நடமாடுகிறவர். இவர்களில் பலர் அப்போது இளம் ஆட்கள். இப்போது நாற்பதைத் தொட்டும் தாண்டியும் இருப்பவர்கள். நரை இல்லை, கூன் இல்லை, நீளக் காற்சட்டை. பார்ப்பவருக்கு அவர் திடகாத்திரமான ஆள்.

இன்றைய பஸ்ஸில் சீற் கொடுப்பதன் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இளம் ஆட்களுக்குப் பழக்கம் கெட்டுவிட்டது என்று என் வயதுக்காரர் சொல்வதை நான் ஏற்பதில்லை. என் நரையைக் கண்டதும் போனை மடியில் வைத்துவிட்டு எழும்பும் பிள்ளைகளை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். முன்வரிசையில் மதகுருமாருக்கென்று எழுதிய ஆசனத்தையும் யாரும் சொல்லாமலே விட்டுக் கொடுக்கிறார்கள். காவி, வெள்ளை அங்கி, நரை, வயிற்றுப் பிள்ளை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காற்சட்டைக்குள் இருக்கும் செயற்கைக் கால் தெரியாது.

முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ்ஸில் அப்படி ஒருவர் நின்று வந்ததை அருகில் சீற்றில் இருந்து பார்த்திருக்கிறேன். இடுப்பை சீற் கம்பியில் சாய்த்து, இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்திருந்தார். நாங்கள் நிற்கும்போது பாதம்தான் முதலில் ஆட்டத்தை உணர்ந்து உடம்புக்குச் சொல்கிறது. அவருடைய பாதம் ஒன்றும் சொல்லாது. றைவர் பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் தோளாலும் கையாலும் உடம்பைப் பிடித்து நிறுத்தினார். ஒட்டுசுட்டான் தாண்டியதும் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெக்கையில், கால் பொருந்தும் குழிக்குள் வியர்த்து, தோல் உரஞ்சிப் புண்ணாகும். நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் கொல்லும் என்று அப்படிப்பட்ட ஒருவரின் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறா.

"தம்பி, இதில இருங்கோ" என்றேன்.

"இல்லை ரீச்சர், நீங்கள் இருங்கோ" என்றார்.

அவர் ஏன் மறுத்தார் என்பது விளங்கியது. வயது போன மனுசியின் இடத்தில் அவர் இருந்தால் பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்குத் தன் காலைக் காட்டிக் காரணம் சொல்ல வேண்டி வரும். சீற்றுக்காக ஒரு மனிதன் காற்சட்டையைத் தூக்கிக் காட்டவேண்டிய நிலையை நாங்கள் உண்டாக்கக்கூடாது.

அந்த நேரம் கொண்டக்டர் முன்னுக்கு நின்று கூப்பிட்டார்: "அண்ணை, மிச்சக் காசு தரவேணும், கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ." அவர் போனார். றைவருக்குப் பின்னால் இருந்த சீற்றில் ஒரு பெடியனைக் கொண்டக்டர் ஏற்கெனவே எழுப்பியிருந்தார். "காசு எண்ணுமட்டும் இதில இருங்கோ" என்றார். மாங்குளம் வந்து சேரும்வரை அந்தக் காசு எண்ணி முடியவில்லை. இவ்வளவு நுணுக்கமான மரியாதையை எங்கள் பழைய பஸ்களில் நான் கண்டதில்லை.

இளம் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் பெண்களில் 90 சதவீதமானோர் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் சொன்னது. பக்கத்தில் இடம் இருந்தும் ஒரு பிள்ளை நின்று வருகிறாள் என்றால் அவளை வற்புறுத்தி இருத்தவேண்டாம். ஒரு பெண் எழும்பி அந்தப் பக்கத்துக்கு மாறி இருந்தால் அவள் தானாக வந்து இருப்பாள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்தது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. அதற்கு வருகிறவர்கள் நெரிசலில் நின்றே வருகிறார்கள். பஸ்ஸின் முதல் படி இன்னும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. படியைத் தாழ்த்துவது டிப்போவின் கையில் இல்லை என்பார்கள். சரி, கிளினிக் நாட்களில் மாங்குளம் வரும் காலை பஸ்ஸில் முன் இரண்டு வரிசையையும், கிளினிக் கொப்பியோடு ஏறுகிறவர்களுக்கு வைத்திருக்கலாம். கொப்பியைக் காட்டினால் போதும், நோயைக் காட்டவேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளைகளும் கந்தோர்காரரும் நின்று வரட்டும். நானும் நின்று வருகிறேன், என் கால்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன.