குப்தர் காலத்தில் ஒரு ராட்டைப் பாட்டு

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. பேசும் படம் என்பது பெயரளவில்தான். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் கேட்பார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், நடுவே பூசாரி இந்தியில் எதையோ முழங்குவார். இன்று ‘பான் இந்தியா’ என்று மார்தட்டுகிறவர்கள் இந்த வரிசையில் பின்னால் போய் நிற்கவும்.

ஜனங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவர்கள் வந்தது பாட்டுக்கு. சுமார் ஐம்பது பாட்டு! அதில் தியாகராஜர் கீர்த்தனையும் உண்டு. காளிதாசன் காலம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால், தியாகராஜர் பிறந்ததோ 1767இல். போதாக்குறைக்கு, அதே டிக்கெட்டில் காந்தியின் ராட்டையைப் புகழ்ந்தும் ஒரு பாட்டு. குப்த சாம்ராஜ்யத்தில் கதர் இயக்கம் அவ்வளவு சீக்கிரம் பரவியிருக்கிறது.

எல்லாம் நாடக மேடை கொடுத்த சீதனம். அங்கே சண்டையும் பாட்டு, சமாதானமும் பாட்டு. ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்தினால் செத்துக் கிடப்பவர்கூட எழுந்து பாடிவிட்டு மறுபடி சாவார். அந்த மேடையை அப்படியே பெயர்த்து கேமரா முன்னால் வைத்தார்கள்.

வைத்த பிறகுதான் தொல்லை. அப்போது பின்னணிப் பாட்டு கிடையாது. நடிப்பவரே பாட வேண்டும், அந்த இடத்திலேயே பதிவாகும். அர்ஜுனன் மரத்தடியில் காதலில் உருகுவான். மரத்துக்குப் பின்னால் ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் கேமரா கண்ணில் படாமல் வியர்க்க விறுவிறுக்கக் குந்தியிருப்பார்கள். ஒருவர் தும்மினால் பல்லவியிலிருந்து ஆரம்பம். 1934இல் தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யை அடையாற்றில் சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். அதிலும் ஐம்பது பாட்டு. மேகம் மறைத்தால் வேலை நின்றுவிடும். சரி சாப்பிடலாம் என்று இலை போட்டால், சாப்பிட்டு எறிந்த இலைக்கு ஊர்க் காக்கையெல்லாம் கச்சேரிக்கு வந்துவிடும். மைக்குக்கு பாகவதரும் ஒன்றுதான், காக்கையும் ஒன்றுதான். கடைசியில் காக்கை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள் என்பார்கள். சங்கீதத்துக்கு இவ்வளவு நேரடியாக உழைத்தவர் வேறு எவரும் இல்லை.

1938இல் ‘நந்தகுமார்’ வந்தது. தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் ஒரு நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். இனி வாயசைத்தால் போதும். சாரீரம் இல்லாத அழகர்களுக்கெல்லாம் விடிவுகாலம். பிறகு உலகப் போரில் பிலிமுக்கு ரேஷன் வந்தது. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது. வெள்ளைக்காரன் கத்தரித்ததில் நமக்கு வலித்த முதல் இடம் பாட்டுதான். ஆனாலும் 1944இல் வெளியான, பாகவதர் பாடி நடித்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது.

பாட்டே வேண்டாம் என்று துணிந்தவரும் உண்டு. 1954இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். கொலைக் கதை, சிவாஜி கணேசன், ஒரு பாட்டுகூடக் கிடையாது. இத்தனைக்கும் பாலசந்தர் வீணை வித்வான்! விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விருதும் வந்தது. ஜனங்கள் மட்டும் வரவில்லை.