மோதிரம் யாருக்கு?

நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் மீடியா தலைகீழாக மாறுமாம். அந்த நல்ல நாள் வந்துவிட்டதாக 2007 நவம்பரில், நியூயார்க்கில் விளம்பரப் புள்ளிகளைக் கூட்டிவைத்து அறிவித்தார் மார்க் சக்கர்பெர்க். நூறு வருஷக் கணக்குச் சொன்னவருக்கு அப்போது வயசு 23!

அதுவரை அமேசான் மாதிரிக் கடைகள், முகம் தெரியாதவர்கள் எதோடு எதைச் சேர்த்து வாங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் நமக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தன. ஊர் பேர் தெரியாதவன் பேச்சை எவன் கேட்பான், நண்பன் சொன்னால்தானே பர்ஸ் திறக்கும் என்று யோசித்தார் நம்ம ஆள். பிரமாதமான ஐடியா. நண்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் பிரமாதமாக இருந்திருக்கும்!

திட்டத்தின் பெயர் 'பீக்கன்'. 44 இணையதளங்களோடு கூட்டு. அங்கே எதையாவது வாங்கினால் ஃபேஸ்புக்கில் உங்கள் பேரைச் சொல்லித் தண்டோரா. 'வேண்டாம்' என்று சொல்ல வசதி இல்லாமலில்லை. திரை ஓரத்தில் ஒரு குட்டிப் பெட்டி தலைகாட்டும். ஒரு கொட்டாவி விட்டீர்களானால் போச்சு, பெட்டியும் போயிருக்கும்.

ஒரு அமெரிக்கக் கணவர், பாவம், கிறிஸ்துமஸ் சர்ப்ரைஸாக மனைவிக்கு ரகசியமாய் வைர மோதிரம் வாங்கினார். நண்பர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் சேதி போய்விட்டது. மனைவிக்கும்தான். தள்ளுபடியில் வாங்கிய விவரம்கூடத் தப்பவில்லை! அம்மணி கேட்டது ஒரே கேள்வி: மோதிரம் யாருக்கு?

டிசம்பரில் சக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். கோர்ட் விடவில்லை. வழக்குப் போட்டவர்கள் கையிலெடுத்த சட்டங்களில் ஒன்று வீடியோ கடைச் சட்டம். பீக்கன் கூட்டாளிகளில் 'பிளாக்பஸ்டர்' என்ற வீடியோ கடையும் இருந்ததே!

அந்தச் சட்டம் பிறந்த கதை இன்னும் கூத்து. 1987ல் ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்மொழிந்தார் அதிபர் ரீகன். அந்தரங்க உரிமை என்று பொதுவாக ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லவே இல்லை என்று சாதித்துவந்தவர் போர்க். 'அப்படியா சார்?' என்று ஒரு வாஷிங்டன் பத்திரிகையாளர் நேராக வீடியோ கடைக்குப் போய், போர்க் வீட்டார் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியலை வாங்கி அச்சில் ஏற்றிவிட்டார். ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது. ஹிட்ச்காக், மார்க்ஸ் பிரதர்ஸ்... அட, பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கிற படங்கள்! ஆனாலும் எம்.பி.க்களுக்கு வியர்த்துவிட்டது. அவரவர் கடைக் கணக்கு அவரவருக்குத்தானே தெரியும்? 1988லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தரங்க உரிமையே இல்லை என்றவர் புண்ணியத்தில், அந்தரங்கத்துக்கு ஒரு சட்டம்!

2009ல் பீக்கனுக்கு மூடுவிழா. வழக்கை 95 லட்சம் டாலரில் சமரசமாக முடித்தார்கள். பெயர் கொடுத்து வழக்காடிய சிலரைத் தவிர, பீக்கனில் சிக்கிய லட்சக்கணக்கானவர்களுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. வக்கீல் ஃபீஸ் போக மிச்சத்தில், இணையத்தில் நம் அந்தரங்கத்தைக் காக்க ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். அதன் மூன்று இயக்குநர்களில் ஒருவர், ஃபேஸ்புக்கின் அதிகாரி.